லேசர் புரை அறுவை முதியவர்களுக்கு எந்த அளவு பயன்படும்: நெல்லைச் சீமைக் குடும்பங்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் ‘லேசர்’ என்ற ஒரே சொல் குறைந்தது நான்கு வெவ்வேறு சிகிச்சைகளுக்கு வழங்குகிறது. தையல் போடாமல், சிறு துளை வழியாகப் புரையை உடைத்து உறிஞ்சி எடுக்கும் ஃபேகோ அறுவையை லேசர் என்கிறார்கள். அதில் வேலை செய்வது ஒளி அன்று, காதுக்கு எட்டாத அதிவேக ஒலி அதிர்வு. அறுவை முடிந்து சில மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மீண்டும் மங்கும்போது, லென்ஸுக்குப் பின்னாலிருக்கும் உறையில் திறப்பு உண்டாக்கும் யாக் சிகிச்சைக்கும் அதே பெயர்தான். சர்க்கரை நோயால் விழித்திரையில் கசியும் இரத்தக் குழாய்களுக்கு வைக்கும் லேசர் மூன்றாவது. நான்காவதுதான் இங்கே பேசப்போகும் ஃபெம்டோசெகண்ட் லேசர். புரை அறுவையின் முதல் சில கட்டங்களைக் கத்திக்குப் பதிலாகக் கணினி வழிநடத்தும் ஒளிக்கற்றையால் செய்யும் முறை.

கண் மருத்துவ உதவியாளராக ஆரம்ப சுகாதார நிலையங்களில் வேலை பார்த்த காலத்தில், களக்காட்டிலிருந்தும் ராதாபுரத்திலிருந்தும் வருகிறவர்கள், “எங்க அம்மைக்கு லேசர்லதான் பண்ணணும் சார், கத்தியே வைக்கக் கூடாது” என்று கேட்பதை எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். கத்தியே படாத புரை அறுவை என்று ஒன்று இன்றைக்கும் கிடையாது. லேசர் அறுவை பாதுகாப்பானதுதான். ஆனால் நம் பக்கத்து முதியவர்களில் பெரும்பாலோருக்கு, நல்ல கையால் செய்யப்பட்ட சாதாரண ஃபேகோ அறுவை தருவதைவிடக் கூடுதலான பார்வையை அது தருவதில்லை என்பது என் முடிவு. அந்த முடிவுக்கு எப்படி வந்தேன் என்பதையும், உங்கள் வீட்டுப் பெரியவருக்கு எது பொருந்தும் என்று படிப்படியாகக் கண்டறிவது எப்படி என்பதையும் கீழே எழுதுகிறேன்.

முதல் படி: முறையைப் பற்றிப் பேசும் முன் கண்ணைப் பற்றிக் கேளுங்கள்

கண்ணுக்குள் இருக்கும் இயற்கை லென்ஸ் வயதாக ஆகக் கலங்குவதே புரை. நடுப்பகுதி மஞ்சளாகி, பழுப்பாகி, கடைசியில் கரும்பழுப்பாக இறுகுவது ஒரு வகை. ஓரத்திலிருந்து ஆரக்கால் போல வெண்மை பரவுவது இன்னொரு வகை. பின்னுறையை ஒட்டிப் படிந்து, வெயிலில் கண்ணைக் கூசச் செய்வது மூன்றாவது. சர்க்கரை நோயாளிகளுக்கும், ஆஸ்துமாவுக்கும் மூட்டு வலிக்கும் ஸ்டீராய்டு மாத்திரை வருடக்கணக்கில் சாப்பிட்டவர்களுக்கும் மூன்றாவது வகை அதிகம் வரும். “முத்தட்டும், அப்புறம் பாத்துக்கிடலாம்” என்று காத்திருக்கும் பழக்கம் நம்மிடம் இன்னும் போகவில்லை. தையல் போட்டு முழு லென்ஸையும் வெளியே எடுத்த காலத்தில் அதற்கு ஒரு பொருள் இருந்தது. இன்று முற்ற முற்ற அறுவை கடினமாகிறது. லேசருக்கோ அது மேலும் கடினமாகிறது. கரும்பழுப்பாக இறுகிய லென்ஸுக்குள் ஒளிக்கற்றை ஆழமாக ஊடுருவாது. பாலாக வெளுத்துவிட்ட புரையில் உறையை வேண்டுமானால் வெட்டலாம், உள்ளே துண்டாக்க முடியாது. ஆகவே லேசர் யாருக்கு அதிகம் உதவ வேண்டும் என்று நாம் நினைக்கிறோமோ, அந்தக் கடினமான கண்களிலேயே அதன் கை கட்டப்பட்டுவிடுகிறது.

மருத்துவரிடம் இதோடு சேர்த்துக் கேட்க வேண்டியவை சில உண்டு. விழித்திரை நன்றாக இருக்கிறதா? கண் நீர் அழுத்தம் எவ்வளவு? மருந்து விட்டால் கண்மணி, அதாவது ஒளி உள்ளே புகும் நடுத்துளை, எந்த அளவுக்கு விரிகிறது? கருவிழியின், அதாவது கண்ணின் முன்புறத்துத் தெளிவான படலத்தின், உள்ளடுக்குச் செல்கள் போதுமான எண்ணிக்கையில் உள்ளனவா? விழித்திரையில் பழுது இருந்தால் எந்த முறையில் புரையை எடுத்தாலும் பார்வை ஓரளவுக்கு மேல் ஏறாது. அதை அறுவைக்கு முன்பே சொல்லிவிட்டால், பின்னால் யாரும் யாரையும் குறை சொல்ல வேண்டியிராது.

நம் வட்டாரத்துக்கென்று ஒரு சங்கதி உண்டு. 1990களின் நடுவில் மதுரை, திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டக் கிராமங்களில் நாற்பது வயதைத் தாண்டிய 5,150 பேரை அரவிந்த் கண் மருத்துவமனைக் குழுவினர் பரிசோதித்தார்கள். அவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில், கண்மணியின் ஓரத்திலும் லென்ஸின் மேலும் சாம்பல் தூவியது போன்ற செதில் படிந்திருப்பது தெரிந்தது. இந்தப் படிவு உள்ள கண்களில் கண்மணி சரியாக விரியாது. லென்ஸைத் தாங்கிப் பிடிக்கும் நுண்ணிய நார்களும் தளர்ந்திருக்கும். அறுவை மேசையில் மருத்துவரைத் திணறடிக்கும் கண்களில் இவையும் சேரும். “செதில் படிவு இருக்கிறதா?” என்ற ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள்.

இரண்டாம் படி: லேசர் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை

ஃபேகோ முறையை 1967-இல் அமெரிக்க மருத்துவர் சார்லஸ் கெல்மன் உருவாக்கினார்; பல் மருத்துவரிடம் பல்லைச் சுத்தம் செய்துகொண்டபோது, அந்த அதிர்வுக் கருவியைப் பார்த்துத்தான் அவருக்கு அந்த யோசனை பிறந்தது. ஃபெம்டோசெகண்ட் லேசரை மனிதக் கண்ணின் புரை அறுவையில் முதன்முதலாகப் பயன்படுத்தியவர் ஹங்கேரியின் புடாபெஸ்டைச் சேர்ந்த சோல்டான் நாகி, ஆண்டு 2008. ஒரு நொடியைக் கோடியால் வகுத்து, வந்ததைப் பத்துக் கோடியால் மறுபடி வகுத்தால் கிடைக்கும் நேரம் ஒரு ஃபெம்டோசெகண்ட். அத்தகைய சில நூறு நேரத் துளிகளே நீடிக்கும் ஒளித் துடிப்பு, குவியும் இடத்தில் மட்டும் திசுவைப் பிரித்து நுண்ணிய குமிழியாக்குகிறது. சுற்றியுள்ள பகுதி சுடுவதில்லை. அப்படி ஆயிரக்கணக்கான புள்ளிகளை வட்டமாக வரிசையில் வைத்தால் ஒரு வெட்டு கிடைக்கிறது.

மேசையில் நடப்பது இது. கண்ணுக்கு மரப்புச் சொட்டு விட்டபின், கண்ணாடி போன்ற ஒரு வளையத்தைக் கண்ணின் மேல் பொருத்தி, லேசான உறிஞ்சுவிசையால் கண்ணை அசையாமல் பிடித்துக்கொள்கிறார்கள். அப்போது கண்ணில் அழுத்தம் தெரியும். பார்வை சற்று இருட்டிக்கொண்டு வருவதும் உண்டு. இயந்திரம் கண்ணின் குறுக்குவெட்டுப் படத்தை எடுத்துத் திரையில் காட்டுகிறது. எங்கே வெட்டுவது, எவ்வளவு ஆழத்தில் நிறுத்துவது என்பதை மருத்துவர் அதில் குறிக்கிறார். ஒளி பாயும் நேரம் பொதுவாக ஒரு நிமிடத்துக்கும் குறைவு. அதற்குள் லென்ஸின் முன்னுறையில் ஏறத்தாழ ஐந்து மில்லிமீட்டர் விட்டமுள்ள வட்டத் திறப்பு விழுகிறது. லென்ஸ் சில துண்டுகளாகப் பிளக்கப்படுகிறது. தேவையானால் கருவிழியில் நுழைவுக் கீறலும், கருவிழியின் வளைவு சீராக இல்லாததால் ஏற்கெனவே இருக்கும் சிலிண்டர் பவரைக் குறைக்கும் வளைவுக் கீறலும் போடப்படுகின்றன.

லேசரின் வேலை அதோடு முடிந்தது. நோயாளி நுண்ணோக்கியின் கீழ் படுக்கிறார். சில மருத்துவமனைகளில் அதற்காக வேறு அறைக்கே நடந்து போக வேண்டும். அங்கே மருத்துவர் வழக்கமான ஃபேகோ கருவியை உள்ளே விட்டு, துண்டுகளை உறிஞ்சி எடுத்து, மடித்த செயற்கை லென்ஸை உறைக்குள் விரித்து வைக்கிறார். அதாவது இரண்டாம் பாதி முழுக்கக் கைவேலை. பின்னுறை கிழிவது, லென்ஸ் துண்டு பின்னால் நழுவுவது போன்ற பெரிய சிக்கல்கள் பெரும்பாலும் இந்தப் பாதியில்தான் நேர்கின்றன என்பதை மனதில் வைத்துக்கொண்டால், அடுத்த படியில் வரும் ஆய்வு முடிவுகள் வியப்பளிக்காது.

லேசரின் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. செயற்கை லென்ஸின் விட்டம் பொதுவாக ஆறு மில்லிமீட்டர். உறைத் திறப்பு ஐந்து மில்லிமீட்டரில் சரியான வட்டமாகவும் நடுவிலும் அமைந்தால், லென்ஸின் ஓரத்தை உறை சுற்றிலும் அரை மில்லிமீட்டர் கவ்விப் பிடித்துக்கொள்ளும். லென்ஸ் சாயாது, நகராது. கையால் கிழிக்கும் வட்டத்தைவிட லேசர் போடும் வட்டம் சீராக இருக்கும் என்பதில் யாருக்கும் ஐயமில்லை. லென்ஸ் ஏற்கெனவே துண்டாகியிருப்பதால் ஒலி அதிர்வும் குறைவாகப் போதும். ஆகவே தொடக்க வாரங்களில் கருவிழிச் செல்களின் இழப்பு குறைவாக இருப்பதைச் சில ஆய்வுகள் கண்டன. மறுபுறம், நுண்ணோக்கியில் பெரிதாக்கிப் பார்த்தால் லேசர் வெட்டிய ஓரம் தபால்தலையின் ஓரம் போலப் பல்பல்லாக இருக்கிறது. கையால் கிழித்த ஓரமோ வழுவழுப்பானது. அந்தப் பல்லிலிருந்து கிழிசல் ஓடிய நிகழ்வுகளும் பதிவாகியிருக்கின்றன.

மூன்றாம் படி: ஆய்வுகளை எடை போடுங்கள்

புதுக் கருவி வந்த முதல் சில ஆண்டுகளில் அதைப் புகழ்ந்தவர்கள் பெரும்பாலும் அதை வாங்கியவர்களே. பிறகு அரசுப் பணத்தில் இரண்டு பெரிய ஆய்வுகள் நடந்தன; இரண்டின் முடிவும் 2020-இல் வெளிவந்தது.

பிரான்சில் ஐந்து பல்கலைக்கழக மருத்துவமனைகளில் 909 பேரின் 1,476 கண்களைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு லேசரும் மறு பாதிக்கு வழக்கமான ஃபேகோவும் செய்தார்கள். எந்தக் கண்ணுக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாதபடி, ஃபேகோ பிரிவினருக்கும் லேசர் செய்வது போன்ற பாவனை காட்டப்பட்டது. பெரிய சிக்கல் இல்லாமை, கண்ணாடியோடு முழுப் பார்வை, எதிர்பார்த்த பவருக்கு நெருக்கம், சிலிண்டர் பவர் மாறாமை ஆகிய நான்கும் ஒரே கண்ணில் கூடினால்தான் வெற்றி என்று கடுமையாக வரையறுத்தார்கள். லேசரில் 41.1 விழுக்காடு, ஃபேகோவில் 43.6 விழுக்காடு. இந்தச் சிறு வேறுபாடு தற்செயலாகவும் வரக்கூடியது. ஆகவே இரண்டும் சமம். செலவு மட்டும் லேசரில் கூடுதல்.

இங்கிலாந்தில் மூன்று மருத்துவமனைகளில் 785 பேரிடம் நடந்த ஆய்விலும், மூன்று மாதம் கழித்துக் கண்ணாடி இல்லாமல் தெரியும் தூரப் பார்வை இரு பிரிவிலும் ஒன்றாகவே இருந்தது. அங்கே பின்னுறைக் கிழிசல் லேசர் பிரிவில் ஒருவருக்கும் நேரவில்லை. ஃபேகோ பிரிவில் இருவருக்கு நேர்ந்தது. லேசரை விரும்புகிறவர்கள் இதை எடுத்துக்காட்டுவார்கள். ஏறக்குறைய நானூறு பேரில் இருவர் என்பது, முடிவு கட்டுவதற்குப் போதாத சிறிய எண்ணிக்கை. ஆனாலும் லேசர் ஆபத்தானது என்று சொல்வதற்கு இடமில்லை என்பதை அது உறுதிப்படுத்துகிறது.

இவை ஐரோப்பியக் கண்கள். அங்கே புரை இளசாக இருக்கும்போதே அறுவைக்கு வந்துவிடுகிறார்கள். நம் பக்கத்தில், பேருந்தின் பெயர்ப்பலகை தெரியாமல் நான்கு வருடம் ஓட்டிவிட்டு, அடுப்புத் தீ எரிகிறதா அணைந்ததா என்பது தெரியாத கட்டத்தில் வருகிறவர்களே அதிகம். அத்தகைய முற்றிய புரைக்கு நம்மிடம் ஏற்கெனவே கைகண்ட முறை ஒன்று உண்டு. ஆறு மில்லிமீட்டர் அளவில் தானே மூடிக்கொள்ளும் சுரங்கக் கீறல் வழியாக லென்ஸை முழுதாக வெளியே கொணரும், தையலற்ற சிறுகீறல் அறுவை. முற்றிய புரை உள்ள 108 பேரிடம் நேபாளத்தில் நடந்து 2007-இல் வெளியான ஆய்வில், ஃபேகோவும் சிறுகீறல் அறுவையும் ஆறு மாதம் கழித்து 98 விழுக்காட்டினருக்கு நல்ல பார்வையைத் தந்தன. சிறுகீறல் அறுவைக்குச் செலவும் நேரமும் குறைவு. “முகாம்ல பண்ற ஆபரேஷன்தானே” என்று அதைத் தாழ்வாக நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

பாதுகாப்பைப் பற்றிப் பேசும்போது நான் முதலில் சொல்வது வேறொரு எண்ணிக்கை. அறுவைக்குப் பின் கண்ணுக்குள் சீழ் பிடிப்பதுதான் பார்வையையே பறிக்கக்கூடிய சிக்கல். அரவிந்த் மருத்துவமனைகளில், அறுவை முடியும் தறுவாயில் மாக்ஸிஃப்ளாக்ஸசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லியைக் கண்ணுக்குள் ஒரு துளி செலுத்தத் தொடங்கிய பின், ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவைகளைக் கணக்கெடுத்துப் பார்த்தபோது, அந்தத் தொற்று 0.07 விழுக்காட்டிலிருந்து 0.02 விழுக்காடாக இறங்கியிருந்தது. 1976-இல் மதுரையில் மருத்துவர் கோ. வெங்கடசாமி தொடங்கிய அந்த நிறுவனத்தின் கிளை 1988 முதல் நம் ஜங்ஷனிலேயே இயங்குகிறது. கோடிக்கணக்கில் விலையுள்ள இயந்திரம் காட்ட முடியாத பயனை ஒரு துளி மருந்து காட்டியிருக்கிறது. ஆகவே மருத்துவமனையைத் தேர்ந்தெடுக்கும்போது “லேசர் இருக்கிறதா” என்று கேட்பதைவிட, “கண்ணுக்குள் நுண்ணுயிர்க்கொல்லி வைப்பீர்களா, இந்த மருத்துவர் வருடத்துக்கு எத்தனை புரை எடுக்கிறார்” என்று கேட்பது பொருளுள்ளது.

நான்காம் படி: உங்கள் வீட்டுப் பெரியவருக்குப் பொருந்துமா?

லேசருக்கு மூன்று வேண்டும்: மல்லாந்து அசையாமல் படுக்க முடிய வேண்டும்; கண்மணி நன்றாக விரிய வேண்டும்; கருவிழி தெளிவாக இருக்க வேண்டும். முதலாவதிலேயே நம் முதியவர்கள் பலர் நின்றுவிடுகிறார்கள். கூன் விழுந்தவர்கள், இதயம் பலவீனமாகி இரண்டு தலையணை இல்லாமல் படுக்க முடியாதவர்கள், தலைநடுக்கம் உள்ளவர்கள், மறதி நோயால் “அசையாதீர்கள்” என்பதைப் பிடித்துவைத்துக்கொள்ள முடியாதவர்கள், காது சரியாகக் கேட்காதவர்கள், விடாத இருமல் உள்ளவர்கள் ஆகியோருக்கு அந்த வளையத்தைப் பொருத்துவதே பாடு. முக்கூடலிலும் ஆலங்குளத்திலும் ஆயுள் முழுக்கத் தட்டை மடியில் வைத்துக் குனிந்து பீடி சுற்றிய பெண்களின் கழுத்தையும் முதுகையும் பார்த்தவர்களுக்கு நான் சொல்வது விளங்கும். கண் குழிக்குள் ஆழப் பதிந்தவர்களுக்கும், இமை இடுக்கு குறுகியவர்களுக்கும் வளையம் உட்காராது.

கருவிழியில் தழும்பு இருந்தால் ஒளி சிதறும். வயல் வேலையில் நெல் தூசும் சோளத் தட்டையும் கண்ணில் பட்டுப் புண்ணாகி ஆறிய தழும்பு பலருக்கு உண்டு. வெயிலிலேயே உழைத்தவர்களுக்கு மூக்கோரத்திலிருந்து கருவிழி மேல் படரும் சதை பெரிதாக இருந்தாலும் அப்படியே. கண் நீர் அழுத்தத்துக்கு ஏற்கெனவே அறுவை செய்துகொண்டவர்களுக்கு வளையத்தின் உறிஞ்சுவிசை அந்தப் பழைய அறுவையைக் கெடுக்கக்கூடும் என்பதால் பெரும்பாலும் தவிர்க்கிறார்கள்.

இன்னொன்று. லேசர் பட்ட சில நிமிடங்களில் கண்மணி சுருங்கத் தொடங்கலாம். உள்ளே அழற்சிப் பொருள் சுரப்பதே காரணம். அதைத் தடுக்க முன்கூட்டியே ஒரு சொட்டு மருந்து தருகிறார்கள். ஏற்கெனவே சரியாக விரியாத செதில் படிவுக் கண்ணிலும், சிறுநீர் அடைப்புக்கு டாம்சுலோசின் மாத்திரை சாப்பிடும் ஆண்களின் கண்ணிலும் இது கூடுதல் தொல்லை. அந்த மாத்திரையைச் சாப்பிடும் தாத்தாக்கள் அதைக் கண் டாக்டரிடம் சொல்வதேயில்லை, “அது வேற வியாதிக்குல்லா?” என்பார்கள். மாத்திரையை நீங்களாக நிறுத்த வேண்டாம். நிறுத்தினாலும் விளைவு முழுதாகப் போகாது. மருத்துவருக்கு முன்கூட்டியே தெரிந்தால் போதும், அவர் தயாராக இருப்பார்.

லேசர் சற்றே உதவக்கூடிய கண்களும் உண்டு. கருவிழி உள்ளடுக்குச் செல்கள் ஏற்கெனவே பலவீனமானவர்களுக்கு அதிர்வு குறைவது நல்லது. நார்கள் தளர்ந்திருந்தும் கண்மணி நன்றாக விரிகிற கண்ணில், லென்ஸை இழுக்காமல் வட்டம் போட முடிவது ஒரு வசதி. சிலிண்டர் பவரை வளைவுக் கீறலால் குறைக்க விரும்புகிறவர்களுக்கு அளவு துல்லியமாக இருக்கும். ஆனால் அதே வேலையைச் சிலிண்டர் பவர் சேர்த்த டோரிக் லென்ஸும் செய்யும். இவற்றில் எதற்காக லேசரைப் பரிந்துரைக்கிறார் என்று மருத்துவர் காரணத்தோடு சொன்னால், அதைக் கேட்டு நடப்பதே சரி.

ஐந்தாம் படி: கணக்குச் சீட்டைப் பிரித்துப் படியுங்கள்

என் பெரியம்மாவைப் பத்தமடையிலிருந்து ஒரு தனியார் மருத்துவமனைக்கு அழைத்துப்போனபோது நடந்தது. மருத்துவர் பார்த்து முடித்ததும் ஆலோசகர் அறைக்கு அனுப்பினார்கள். அந்தப் பெண் மேசை மேல் ஒரு பளபளப்பான அட்டையை விரித்தார். மூன்று கட்டங்கள், மூன்று நிறங்கள். மேலே இருந்த தங்க நிறக் கட்டத்தில் லேசரும் உயர்ரக லென்ஸும் ஒன்றாகச் சேர்ந்து ஒரே தொகையாக நின்றன; அவர் விரல் அங்கேயே இருந்தது. “அம்மாவுக்கு பெஸ்ட்டா பண்ணிடலாமே சார்?” என்றார். லேசருக்கு எவ்வளவு, லென்ஸுக்கு எவ்வளவு என்று பிரித்து எழுதித் தரக் கேட்டேன். பேக்கேஜைப் பிரிக்க முடியாது என்று முதலில் சொன்னவர், உள்ளே போய்க் கேட்டுவிட்டு வந்து பென்சிலால் எழுதிக் கொடுத்தார். லேசருக்கான தொகை, லென்ஸின் விலையைவிட அதிகம். பெரியம்மாவுக்கோ சர்க்கரை நோயால் விழித்திரையில் ஏற்கெனவே பழுது. தூரமும் கிட்டமும் சேர்த்துக் காட்டும் பல்குவிய லென்ஸ் அத்தகைய கண்ணுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படுவதில்லை. அதை அந்த அட்டை சொல்லவில்லை.

ஆகவே மூன்று வரிகளைத் தனித்தனியாகக் கேளுங்கள்: அறுவைக் கட்டணம், லென்ஸின் பெயரும் விலையும், லேசர் கட்டணம். பணம் அளவாக இருந்தால் அதை நல்ல லென்ஸுக்குச் செலவிடுங்கள். லென்ஸ் ஆயுளுக்கும் கண்ணில் இருக்கப்போகிறது, லேசர் ஒரு நிமிடம். ஒற்றைக் குவிய லென்ஸ் வைத்தால் தூரம் கண்ணாடி இல்லாமல் தெரியும், பேப்பர் படிக்கக் கண்ணாடி வேண்டும். நம் முதியவர்களில் பெரும்பாலோர் அதிலேயே நிறைவாக இருக்கிறார்கள். தனியார் காப்பீட்டில் ஒரு கண்ணுக்கு இவ்வளவுதான் என்ற உச்சவரம்பு பல பாலிசிகளில் உண்டு. கூடுதல் லேசர் தொகையை ஏற்பார்களா என்று எழுத்தில் வாங்கிய பிறகே கையெழுத்துப் போடுங்கள். ஹைகிரவுண்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் லென்ஸ் உட்பட இலவசமாகவே புரை அறுவை செய்கிறார்கள்; மாவட்டப் பார்வை இழப்புத் தடுப்புச் சங்கம் ஊர் ஊராக நடத்தும் முகாம்களின் வழியாகவும் போகலாம்.

ஆறாம் படி: அறுவைக்கு முந்தைய வாரமும் அந்த நாளும்

எந்த முறையானாலும் தயாரிப்பு ஒன்றுதான். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் கட்டுக்குள் வர வேண்டும். கண்ணீர்க் குழாயில் அடைப்போ சீழோ இருக்கிறதா என்று தண்ணீர் செலுத்திப் பார்ப்பார்கள். இருந்தால் அதைச் சரிசெய்த பிறகே புரைக்கு வர வேண்டும். லென்ஸ் பவரைக் கணிக்கும் அளவெடுப்புதான் இதில் உயிர்நாடி. கண்ணின் நீளத்தை அளப்பதில் ஒரு மில்லிமீட்டர் பிசகினால் பவரில் இரண்டரை அளவுக்கு மேல் தவறிவிடும். அதை எந்த லேசராலும் திருத்த முடியாது. அவசரமாக அளந்ததாகத் தோன்றினால், மறுபடி அளக்கச் சொல்லத் தயங்க வேண்டாம். இரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது.

அந்த நாளில் தலைக்குக் குளித்து, பூவும் பொட்டும் மையும் இல்லாமல் வர வேண்டும். மேசைக்குப் போகும் முன் சிறுநீர் கழித்துவிட வேண்டும். பாதியில் முட்டிக்கொண்டு நெளிந்தால் ஆபத்து கண்ணுக்குத்தான். லேசர் வளையம் பொருத்தும் போது “கண்ணைப் பிடித்து அழுத்தும், இருட்டும், இரண்டு மூன்று நிமிடத்தில் விடும்” என்று முன்கூட்டியே சொல்லி வைத்தால் முதியவர்கள் பதறுவதில்லை. வளையம் பட்ட இடத்தில் வெள்ளை விழி இரத்தச் சிவப்பாகத் தெரிந்தால் மறுநாள் வீட்டார் பயந்துபோவார்கள். மேல்தோலுக்கடியில் கசிந்த அந்த இரத்தம் இரண்டு வாரத்தில் தானே மறைந்துவிடும்.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

பாதிக் காரியம் இங்கேதான். நான்கு முதல் ஆறு வாரம் வரை சொட்டு மருந்து உண்டு; முதலில் அடிக்கடி, பிறகு வாரத்துக்கு வாரம் குறைத்து. பெரியம்மாவுக்கு மருந்து விட்ட முதல் நாள், என் தங்கை குப்பியின் நுனியை இமையிலேயே ஊன்றிப் பிழிந்துகொண்டிருந்தாள். மருந்தில் பாதி கன்னத்தில் வழிந்தது. கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, பெரியவரைப் படுக்க வைத்து, கீழ் இமையை மட்டும் விரலால் மெல்ல இழுத்தால் ஒரு சிறு பை போலக் குழியும். குப்பி எங்கும் படாமல் ஒரு விரற்கடை உயரத்திலிருந்து அந்தக் குழியில் ஒரு சொட்டு, ஒன்றே போதும். கண்ணை மூடி, மூக்கோரத்தை ஒரு நிமிடம் அழுத்திப் பிடித்தால் மருந்து தொண்டைக்கு இறங்காது. இரண்டாவது மருந்துக்கு ஐந்து நிமிடம் விட வேண்டும். சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒரு தாளை ஒட்டி, விட்ட வேளைகளைக் கோடு போட்டு வந்தோம். யார் விட்டார்கள் என்ற சண்டை அதோடு நின்றது.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊருக்கு ஓர் எச்சரிக்கை தனியாக வேண்டும். ஆற்றில் முங்கிக் குளித்தே பழகியவர்களுக்குத் தாமிரபரணி தண்ணீர் மருந்து. அறுவை செய்த கண்ணுக்கு அது கிருமி. மருத்துவர் அனுமதிக்கும் வரை, பொதுவாக ஒரு மாதம், ஆறும் குளமும் கூடாது. குற்றாலத்தில் சீசன் தொடங்கி வீட்டார் எல்லோரும் கிளம்பினாலும், அருவியடியில் நிற்கக் கூடாது. அந்த விசை கண்ணில் விழுந்தால் ஆறாத கீறல் தாங்காது. கழுத்துக்குக் கீழே குளித்து, முகத்தை ஈரத் துணியால் துடைத்துக்கொண்டால் போதும். புகை அடுப்பு, நெல் தூற்றும் களம், தேரோட்டக் கூட்டம் ஆகியவற்றை முதல் இரண்டு வாரம் தவிர்க்க வேண்டும். இரவில் பிளாஸ்டிக் மூடியைக் கண்ணின் மேல் ஒட்டிக்கொண்டு படுக்க வேண்டும், தூக்கத்தில் கசக்கிவிடுகிறார்கள்.

முதல் வாரத்தில் வலி கூடுவதும், சிவப்பு அதிகரிப்பதும், நேற்றுத் தெரிந்தது இன்று மங்குவதும் சீழ் பிடிப்பதன் அறிகுறிகளாக இருக்கலாம். மெடிக்கல் கடையில் சொட்டு வாங்கிப் போட்டுப் பார்க்கும் வேலை வேண்டாம். இரவானாலும் அறுவை செய்த மருத்துவமனைக்கே போய்விட வேண்டும், சில மணி நேரம்கூடக் கணக்கு. மின்னல் வெட்டுவது போன்ற ஒளி, கூட்டமாகக் கறுப்புப் புள்ளிகள், பக்கத்திலிருந்து திரை விழுவது போன்ற மறைப்பு ஆகியவை எப்போது வந்தாலும் விழித்திரை விலகுகிறதா என்று அன்றே பார்க்க வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஒரு மாதம், ஒன்றரை மாதம் கழித்து விழித்திரையின் நடுப்பகுதி வீங்கிப் பார்வை குறைவதுண்டு. அது லேசர் செய்த கண்ணிலும் வரும், செய்யாத கண்ணிலும் வரும். மருந்தில் பெரும்பாலும் சரியாகும்.

கண்ணாடி எழுத ஒரு மாதம் பொறுக்க வேண்டும். சில மாதங்களோ வருடங்களோ கழித்துப் பார்வை மறுபடி புகைமூட்டமானால், புரை திரும்ப வளர்ந்துவிட்டது என்று எண்ண வேண்டாம், பின்னுறை தடித்திருக்கும். அதற்குத்தான் முதலில் சொன்ன யாக் லேசர்: கீறல் இல்லை, கட்டு இல்லை, உட்கார்ந்த நிலையில் சில நிமிடங்களில் முடிந்துவிடும். புரையையொட்டிய சிகிச்சைகளில் உண்மையாகவே கத்தி படாத லேசர் அதுதான்.

மருத்துவமனையிலிருந்து வரும்போது லென்ஸின் பெயர், பவர், வரிசை எண் அச்சிட்ட சிறு அட்டை ஒன்றைத் தருவார்கள். பெரும்பாலான வீடுகளில் அது மருந்துப் பையோடு குப்பைக்குப் போய்விடுகிறது. அடுத்த கண்ணுக்கு லென்ஸ் பவர் கணிக்கும்போது முதலில் கேட்பது அதைத்தான். ரேஷன் கார்டு வைத்திருக்கும் உறைக்குள்ளேயே போட்டு வையுங்கள்.